கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும்: உணவு மாற்றத்தை எங்கிருந்து தொடங்குவது

இரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பதாக முதன்முறை அறிந்துகொள்பவர்கள் பெரும்பாலும் உடனே இரண்டு காரியங்களைச் செய்கிறார்கள்: சமையலில் எண்ணெயைக் குறைக்கிறார்கள், முட்டையை நிறுத்துகிறார்கள். இவற்றைத் தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் உயர்ந்திருக்கும் எண் எது என்று பாராமல் எடுத்த முடிவு என்பதால், சில மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்கும்போது அந்த எண் இறங்காமலேயே இருக்கக்கூடும். எண்ணெயைக் குறைத்த இடத்தைச் சோறும் ரொட்டியும் பிஸ்கட்டும் நிரப்பிக்கொண்டிருந்தால் ட்ரைகிளிசரைடு என்னும் மற்றொரு வகை இரத்தக் கொழுப்பு முன்பைவிட ஏறியும் இருக்கலாம். கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகளில் அச்சாகி வந்தாலும், அவற்றை ஏற்றும் உணவுகள் பெரும்பாலும் வெவ்வேறானவை. எனவே எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்ற கேள்விக்கு முன்னால் எந்த எண்ணை இறக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதல் படி: அறிக்கையை வரிவரியாகப் படித்தல்

லிப்பிட் ப்ரொஃபைல் எனப்படும் பரிசோதனையில் நான்கு எண்கள் முக்கியமானவை: மொத்தக் கொலஸ்ட்ரால், எல்டிஎல் (இரத்தக்குழாய்ச் சுவரில் படியும் ‘கெட்ட’ கொலஸ்ட்ரால்), எச்டிஎல் (‘நல்ல’ கொலஸ்ட்ரால்), ட்ரைகிளிசரைடு. மொத்தக் கொலஸ்ட்ரால் ஒரு டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது விரும்பத்தக்கது என்றும், 240-க்கு மேல் உயர்வு என்றும் கொள்வது வழக்கம். எல்டிஎல் பொதுவாக 100-க்குக் கீழே இருப்பது நல்லது. 160-ஐத் தாண்டினால் உயர்வு, 190-ஐத் தாண்டினால் மிக உயர்வு. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதைவிடக் குறைந்த இலக்கை வைப்பார். எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இருந்தால் அது குறைவு. ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழே இயல்பு, 150 முதல் 199 வரை எல்லைக்கோடு, 200 முதல் 499 வரை உயர்வு, 500-க்கு மேல் மிக உயர்வு. சில நாடுகளில் இந்த அளவுகள் லிட்டருக்கு மில்லிமோல் என்ற அலகில் தரப்படும். அப்படியானால் கொலஸ்ட்ரால் எண்களை 38.67-ஆலும் ட்ரைகிளிசரைடு எண்ணை 88.6-ஆலும் பெருக்கினால் மேற்சொன்ன அலகுக்கு வந்துவிடும்.

மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். இருவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 240 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு எச்டிஎல் 50, ட்ரைகிளிசரைடு 100. இரண்டாமவருக்கு எச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 300. பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் ஃப்ரீட்வால்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சூத்திரத்தின்படி, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகின்றன. அவ்வாறு கணக்கிட்டால் முதலாமவரின் எல்டிஎல் 170, இரண்டாமவரின் எல்டிஎல் 140. மொத்த எண் ஒன்றாக இருந்தும், முதலாமவர் கவனிக்க வேண்டியது கொழுப்பின் வகையை. இரண்டாமவர் முதலில் கவனிக்க வேண்டியது சர்க்கரை, மாவுச்சத்து, மது, உடல் எடை ஆகியவற்றை. ஒருவருக்குச் சொல்லும் உணவுமுறையை மற்றவர் அப்படியே பின்பற்றினால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டும்போது இந்தச் சூத்திரம் நம்பத்தக்கதல்ல. அப்போது மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்து வரும் எண்ணைப் பார்ப்பது மேல். எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் எனப்படும் அந்த எண், எல்டிஎல்லுக்கு வைத்த இலக்கைவிட 30 கூடுதலாக இருக்கலாம். அதற்கு மேல் போகக் கூடாது. மேலும், எதுவும் சாப்பிடாமல் 9 முதல் 12 மணி நேரம் இருந்து கொடுத்த இரத்தமா, சாப்பிட்ட பின் கொடுத்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொலஸ்ட்ரால் எண்கள் சாப்பாட்டால் அதிகம் மாறுவதில்லை, ட்ரைகிளிசரைடு மாறும். முந்தைய இரவில் விருந்தும் மதுவும் இருந்திருந்தால் மறுநாள் காலை எண் உங்கள் வழக்கமான நிலையைக் காட்டாது. ஓர் உயர்ந்த அறிக்கையை வைத்துக்கொண்டு அஞ்சுவதற்கு முன் வெறும் வயிற்றில் ஒருமுறை மீண்டும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: உணவு அல்லாத காரணங்களை விலக்குதல்

இந்தப் படியைப் பலரும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோய், கர்ப்பம் ஆகியவை இரத்தக் கொழுப்பை உயர்த்தும். ஸ்டீராய்டு மாத்திரைகள், வாய்வழி எடுக்கும் ஈஸ்ட்ரோஜன், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மருந்துகள், முகப்பருவுக்குத் தரப்படும் ரெட்டினாய்டு வகை மருந்துகள், மனநலச் சிகிச்சையில் பயன்படும் சில மருந்துகள் ஆகியவையும் அவ்வாறே. தைராய்டு குறைவாக உள்ள ஒருவர் எவ்வளவு கட்டுப்பாடாகச் சாப்பிட்டாலும், அந்தக் குறைவைச் சரிசெய்யும் வரை எல்டிஎல் போதிய அளவு இறங்காது. எனவே தைராய்டு, இரத்தச் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றுக்கான எளிய பரிசோதனைகளைச் செய்ய வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் அவரிடம் காட்டுங்கள். காரணமாகத் தோன்றும் மருந்தைத் தாமாகவே நிறுத்துவது மட்டும் கூடாது.

மூன்றாம் படி: எல்டிஎல் உயர்ந்திருந்தால், கொழுப்பின் வகையை மாற்றுதல்

உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே உற்பத்தி செய்துகொள்கிறது. உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட, உணவில் உள்ள நிறைவுற்ற கொழுப்பே (வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் கொழுப்பு) இரத்தத்தில் எல்டிஎல்லை அதிகம் உயர்த்துகிறது. இதன் காரணம் கல்லீரலில் இருக்கிறது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ள எல்டிஎல் ஏற்பிகள்தாம் இரத்தத்தில் ஓடும் எல்டிஎல் துகள்களைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்து விளக்கியதற்காக மைக்கேல் பிரௌனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமாக உண்ணப்படும்போது இந்த ஏற்பிகளின் செயல்பாடு குறைகிறது. இழுத்துக்கொள்ள ஆளில்லாத எல்டிஎல் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. கொழுப்பின் வகையை மாற்றினால் எண் ஏன் இறங்குகிறது என்பது இதிலிருந்து புரியும்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளில் உண்ணும் மொத்தக் கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. எல்டிஎல் உயர்ந்தவர்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் 5 முதல் 6 விழுக்காடு என்று இன்னும் இறுக்கமான வரம்பைச் சொல்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு முதல் வரம்பு ஏறத்தாழ 22 கிராம், இரண்டாவது ஏறத்தாழ 13 கிராம். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் சுமார் 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 11 கிராமுக்கும் மேல் இருக்கிறது. கொழுப்பு நீக்காத பால் ஒரு பெரிய கோப்பையில் 4.5 கிராம் அளவுக்கு இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தாலே 22 கிராம் நிரம்பிவிடும். இறைச்சியையும் பேக்கரிப் பண்டங்களையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

எனவே முதல் வேலை, வீட்டில் எந்த எண்ணெய் எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பது. தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் ஏறத்தாழ பாதி. வெண்ணெயிலும் நெய்யிலும் பாதிக்கு மேல். இவற்றுக்கு எதிராக, சூரியகாந்தி எண்ணெயில் சுமார் 10 விழுக்காடு, ஆலிவ், நல்லெண்ணெய், சோயா ஆகியவற்றில் சுமார் 15 விழுக்காடு, கனோலாவில் இன்னும் குறைவு. தேங்காய் எண்ணெய் தாவரத்திலிருந்து வருவது, அதில் கொலஸ்ட்ரால் இல்லை என்று சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் எல்டிஎல்லை உயர்த்துவதற்கு உணவில் கொலஸ்ட்ரால் இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதால் அந்த உண்மை இங்கே பயன்படாது. எண்ணெயை அறவே விடச் சொல்லவில்லை. நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் நிறைவுறாத கொழுப்பை வைக்கச் சொல்கிறேன். இந்த வேறுபாடு முக்கியமானது. நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு அந்தக் கலோரியை வெள்ளை மாவாலும் சர்க்கரையாலும் நிரப்பினால் எல்டிஎல் சற்று இறங்கும், ஆனால் எச்டிஎல்லும் இறங்கும், ட்ரைகிளிசரைடு ஏறும். கொழுப்புக் குறைத்த பிஸ்கட், கொழுப்புக் குறைத்த இனிப்புத் தயிர் போன்றவை உதவாததற்கு இதுவே காரணம்.

டிரான்ஸ் கொழுப்பு இதைவிட மோசமானது: எல்டிஎல்லை உயர்த்துவதோடு எச்டிஎல்லையும் குறைக்கிறது. பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த தாவர எண்ணெயில்தான் இது அதிகம். வனஸ்பதி, பழைய முறையில் செய்த மார்ஜரின், அவற்றால் செய்த பேக்கரிப் பண்டங்கள், திரும்பத் திரும்பப் பொரிக்கும் கடைப் பலகாரங்கள் ஆகியவற்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மொத்தக் கலோரியில் 1 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 2,000 கலோரிக்கு 2.2 கிராமுக்கு மேல், போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பாதுகாப்பான அளவு என்று இதில் தேட வேண்டியதில்லை. முடிந்தவரை விட்டுவிடுவதே சரி.

முட்டையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான கொலஸ்ட்ரால் இருக்கிறது, நிறைவுற்ற கொழுப்பு 2 கிராமுக்கும் குறைவு. உணவுக் கொலஸ்ட்ராலின் பாதிப்பு பெரும்பாலோருக்குச் சிறிது என்பதால், 2015-ஆம் ஆண்டு அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற பழைய எண் வரம்பைக் கைவிட்டன. ஆயினும் சிலருக்கு உடல் கூடுதலாக எதிர்வினை காட்டும். எல்டிஎல் உயர்ந்தவர்கள், குறிப்பாகச் சர்க்கரை நோயும் உள்ளவர்கள், மஞ்சள் கருவை வாரத்துக்குச் சில என்று வைத்துக்கொண்டு அடுத்த அறிக்கையைப் பார்ப்பது நியாயமான வழி. முட்டையை நிறுத்திவிட்டு அதை வறுக்கப் பயன்படுத்திய வெண்ணெயைத் தொடர்வதால் பயனில்லை.

காபி குடிப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. காகித வடிகட்டி இல்லாமல் கொதிக்கவைத்தோ அழுத்தியோ எடுக்கும் காபியில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது. அது எல்டிஎல்லை உயர்த்தும். காகித வடிகட்டி அதைப் பெருமளவு நிறுத்திவிடுகிறது. நாளுக்குப் பல கோப்பைகள் குடிப்பவர்கள் இதை மாற்றிப் பார்க்கலாம்.

நான்காம் படி: கரையும் நார்ச்சத்தைச் சேர்த்தல்

இதுவரை சொன்னவை குறைப்பதும் மாற்றுவதும், இது சேர்ப்பது. கரையும் நார்ச்சத்து குடலில் தண்ணீரை உறிஞ்சிப் பசைபோல் ஆகி, பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. பித்த அமிலங்களைக் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்துதான் செய்கிறது. இழந்ததை ஈடுசெய்ய அது இரத்தத்திலிருந்து கூடுதல் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் கரையும் நார்ச்சத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் எல்டிஎல் ஏறத்தாழ 5 விழுக்காடு இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கான் இவ்வகை நார்ச்சத்து. அது நாளொன்றுக்கு 3 கிராம் கிடைக்க வேண்டுமானால் உலர்ந்த ஓட்ஸ் சுமார் 75 கிராம் வேண்டும். ஒரு சிறு கிண்ணம் கஞ்சியால் இந்த அளவு எட்டாது என்பதைக் கவனியுங்கள். பயறு, பருப்பு, பீன்ஸ் வகைகள், ஆப்பிள், ஆரஞ்சு, கேரட், கத்தரிக்காய், வெண்டைக்காய் ஆகியவற்றிலும் கரையும் நார்ச்சத்து உண்டு. வேகவைத்த பயறு ஒரு கோப்பையில் மொத்த நார்ச்சத்து மட்டும் 15 கிராம் அளவுக்கு இருக்கிறது. இறைச்சி இருந்த இடத்தில் அதை வைத்தால் நிறைவுற்ற கொழுப்பு குறைவதும் நார்ச்சத்து கூடுவதும் ஒரே தட்டில் நடந்துவிடும். என் பார்வையில் இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் மாற்றங்களில் மிகவும் எளிதானதும் சிக்கனமானதும் இதுவே.

உணவால் எட்டாதவர்கள் இசப்கோல் உமியை நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கிக் கூட்டலாம். ஒரே நாளில் அதிகம் சேர்த்தால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் மெதுவாகக் கூட்டுவதும் ஒவ்வொரு முறையும் போதிய தண்ணீர் குடிப்பதும் அவசியம். மற்ற மருந்துகளை அதனுடன் சேர்த்து எடுக்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் அவை உறிஞ்சப்படுவது குறையலாம்.

இவற்றோடு உப்பில்லாத வாதுமை, வால்நட் போன்ற கொட்டைகள் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், சோயா உணவுகள், தாவர ஸ்டெரால் (கொலஸ்ட்ராலைப் போன்ற அமைப்புள்ள தாவரப் பொருள்) சேர்த்த உணவுகள் ஆகியவையும் எல்டிஎல்லைக் குறைக்க உதவுகின்றன. தாவர ஸ்டெரால் நாளொன்றுக்கு 2 கிராம் கிடைத்தால் எல்டிஎல் 10 விழுக்காடு வரை இறங்கக்கூடும். டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸின் குழு இந்த நான்கையும் ஒரே உணவுமுறையில் சேர்த்துச் சோதித்து 2003-இல் வெளியிட்டது. உணவு முழுவதையும் ஆய்வாளர்களே வழங்கிய அந்த ஒரு மாதச் சோதனையில் எல்டிஎல் ஏறத்தாழ 29 விழுக்காடு இறங்கியது. அதே சோதனையில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 31 விழுக்காடு. 2011-இல் வெளியான தொடர் ஆய்வில் உணவைக் கையில் கொடுக்காமல் ஆலோசனை மட்டும் வழங்கப்பட்டது. ஆறு மாதத்தில் எல்டிஎல் 13 முதல் 14 விழுக்காடு இறங்கியது. இந்த இரண்டு முடிவுகளையும் நான் சேர்த்தே சொல்வதுண்டு. உணவின் திறன் எவ்வளவு என்பதை முதல் ஆய்வு காட்டுகிறது. அன்றாட வாழ்க்கையில் நம்மால் அதில் பாதியை எட்ட முடிகிறது என்பதை இரண்டாவது காட்டுகிறது. அந்தப் பாதியும் பெரிய லாபம்தான்.

ஐந்தாம் படி: ட்ரைகிளிசரைடு உயர்ந்திருந்தால்

இங்கே கதை வேறு. உடனடித் தேவைக்கு மேல் வரும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் மதுவையும் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றி, விஎல்டிஎல் என்னும் துகள்களில் ஏற்றி இரத்தத்துக்குள் அனுப்புகிறது. எண்ணெயைத் தொடாமலே ஒருவருக்கு ட்ரைகிளிசரைடு 300 இருப்பது இதனால்தான். கொழுப்புதான் கொழுப்பாகிறது என்ற நம்பிக்கையை இந்த இடத்தில் விட்டுவிட வேண்டும்.

முதலில் இனிப்பான பானங்களை நிறுத்துங்கள். 330 மில்லிலிட்டர் குளிர்பானம் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கப்பட்ட சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள், அதாவது 2,000 கலோரிக்கு 50 கிராமுக்குள், இருக்க வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ட்ரைகிளிசரைடு உயர்ந்தவர் 25 கிராமையே தம் வரம்பாகக் கொள்வது நல்லது. பழச்சாறும் இந்தக் கணக்கில் சேரும், சர்க்கரை சேர்க்காமல் வீட்டில் பிழிந்ததாயினும். சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரலே கையாள்கிறது, அங்கே அது எளிதில் கொழுப்பாகிறது. தேன், வெல்லம், பழுப்புச் சர்க்கரை எதுவானாலும் கல்லீரலுக்கு வேறுபாடு பெரிதில்லை. முழுப் பழத்தை மென்று தின்பது வேறு. அதில் நார்ச்சத்து இருக்கிறது, அளவும் தானாகவே கட்டுப்படுகிறது. ஆகவே பழத்தை விட வேண்டாம், சாற்றை விடுங்கள்.

அடுத்தது தட்டில் உள்ள மாவுச்சத்தின் அளவும் வகையும். தீட்டிய அரிசி, மைதா, அவற்றால் செய்த நொறுக்குத் தீனிகள் ஆகியவற்றின் பங்கைத் தட்டில் கால்வாசிக்குள் கொண்டுவந்து, பாதியைக் காய்கறிக்கும் மீதிக் காலைப் பயறு, மீன், தோல் நீக்கிய கோழி, தயிர் போன்ற புரதத்துக்கும் விடுவது நினைவில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு. முழுத் தானியத்துக்கு மாறுவது நல்லதுதான். ஆனால் அளவைக் குறைக்காமல் வகையை மட்டும் மாற்றுகிறவர்களுக்கு ட்ரைகிளிசரைடு எதிர்பார்த்த அளவு இறங்குவதில்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மது அருந்துபவர்கள் இந்தப் பத்தியைத் தள்ளிவிடாமல் படிக்க வேண்டுகிறேன். மது கல்லீரலில் ட்ரைகிளிசரைடு உற்பத்தியைக் கூட்டுகிறது. எடையையும் கூட்டுகிறது, ஏனெனில் அதில் கிராமுக்கு 7 கலோரி. ட்ரைகிளிசரைடு உயர்ந்த ஒருவர் மற்ற எதையும் மாற்றாமல் சில வாரங்கள் மதுவை முழுவதும் நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால், காரணம் எவ்வளவு தூரம் அங்கே இருந்தது என்று எண்ணே சொல்லிவிடும். 500-ஐத் தாண்டியவர்கள் முற்றாக விட்டே ஆக வேண்டும். நாள்தோறும் அதிகம் அருந்திவந்தவர்கள் திடீரென்று நிறுத்தும்போது கடுமையான உடல் விளைவுகள் தோன்றலாம் என்பதால், மருத்துவ உதவியோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

எடை கூடுதலாக இருந்தால், உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைவதாலேயே ட்ரைகிளிசரைடு ஏறத்தாழ 20 விழுக்காடு இறங்கும். 80 கிலோ எடையுள்ளவர் 4 முதல் 8 கிலோ குறைப்பது என்று பொருள். நடை, ஓட்டம், நீச்சல் போன்ற உடற்பயிற்சி வாரத்துக்கு 150 நிமிடம் என்பதும் இதற்குத் துணை.

மீனைப் பொறுத்தவரை, மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற கொழுப்புள்ள மீன்களை வாரம் இரண்டு முறை, பொரிக்காமல் சாப்பிடுவது நல்லது. கடையில் கிடைக்கும் மீன் எண்ணெய் மாத்திரை வேறு விஷயம். 1,000 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும் சாதாரண மாத்திரையில் பயன்தரும் இபிஏ, டிஎச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்புகள் இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான் இருக்கும். ட்ரைகிளிசரைடைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்க இவ்விரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும். அந்த அளவில் சிலருக்கு இதயத் துடிப்பின் சீர் கெடும் ஆபத்து கூடுவதால் மருத்துவர் எழுதித் தராமல் தொடங்கக் கூடாது.

ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால்

இது தனியாகப் பேச வேண்டிய நிலை, ஏனெனில் இங்கே இதயத்தைவிட உடனடியான ஆபத்து கணையத்துக்கு. 500-க்கு மேல், குறிப்பாக 1,000-ஐத் தாண்டும்போது, கடுமையான கணைய அழற்சி வரக்கூடும். உணவிலிருந்து வரும் கொழுப்பைச் சுமக்கும் கைலோமைக்ரான் துகள்கள் இந்த நிலையில் இரத்தத்திலிருந்து விரைவாக நீங்குவதில்லை. ஆகவே மூன்றாம் படியில் சொன்னதற்கு மாறாக, நல்ல எண்ணெய் கெட்ட எண்ணெய் என்ற வேறுபாடில்லாமல் எல்லாக் கொழுப்பையும் குறைக்க வேண்டும். மிக உயர்ந்த நிலையில் மொத்தக் கலோரியில் 15 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர வேண்டியிருக்கும். கொட்டைகளும் ஆலிவ் எண்ணெயும் எல்டிஎல்லுக்கு நல்லவை என்பதற்காக இந்த நிலையில் உள்ளவர் கூட்டிச் சாப்பிட்டால் கேடு விளையும். சர்க்கரையும் மதுவும் அறவே கூடாது. இதை வீட்டிலேயே முயன்று பார்க்காமல் மருத்துவரோடும் உணவியல் நிபுணரோடும் சேர்ந்து செய்ய வேண்டும். மருந்தும் பெரும்பாலும் தேவைப்படும். மேல் வயிற்றில் கடும் வலி எழுந்து முதுகுக்குப் பரவி, வாந்தியும் வந்தால் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

ஆறாம் படி: இரண்டும் உயர்ந்திருந்தால் வரிசையை வகுத்தல்

பலருக்கும் இரண்டுமே சேர்ந்து உயர்ந்திருக்கும், எச்டிஎல் குறைந்திருக்கும், இடுப்புச் சுற்றளவும் கூடியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல்பவர்கள் ஒரு மாதத்தில் களைத்துப்போய் விடுகிறார்கள். ட்ரைகிளிசரைடு 500-க்குக் கீழே உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதல் இரண்டு வாரங்களில் இனிப்புப் பானத்தையும் மதுவையும் நிறுத்துங்கள், மூன்றாம் வாரத்தில் வீட்டு எண்ணெயை மாற்றுங்கள், அதன்பின் நாளுக்கு ஒரு வேளையையாவது பயறு அல்லது பருப்பை முதன்மையாகக் கொண்ட உணவாக ஆக்குங்கள், மாவுச்சத்தின் அளவைக் குறைப்பதைக் கடைசியில் வையுங்கள், ஏனெனில் அதுதான் பழக்கத்தில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. மாவுச்சத்தை முழுவதும் ஒதுக்கி வெண்ணெயையும் இறைச்சியையும் கூட்டும் கீட்டோ முறையால் ட்ரைகிளிசரைடு இறங்கினாலும், சிலருக்கு எல்டிஎல் மிகவும் உயர்ந்துவிடுகிறது. இரண்டும் உயர்ந்தவர்களுக்கு அது ஏற்ற வழியல்ல.

பொட்டல உணவுகளை வாங்கும்போது முன்பக்க வாசகங்களை நம்பாமல் பின்பக்க அட்டவணையைப் படியுங்கள். கொலஸ்ட்ரால் இல்லை என்ற வாசகம் நிறைவுற்ற கொழுப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அளவு 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பாருங்கள். சேர்மானப் பட்டியல் எடையின் இறங்குவரிசையில் இருப்பதால், முதல் மூன்று பெயர்களில் சர்க்கரையோ பாமாயிலோ இருந்தால் அதைத் திரும்ப வைத்துவிடலாம்.

ஏழாம் படி: மீண்டும் பரிசோதித்து முடிவெடுத்தல்

ட்ரைகிளிசரைடு உணவு மாற்றத்துக்குச் சில நாள்களிலேயே அசையத் தொடங்கும்; எல்டிஎல் புதிய நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். எனவே ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதல் முறை வெறும் வயிற்றில் கொடுத்திருந்தால் இப்போதும் அப்படியே கொடுங்கள். இயன்றவரை அதே ஆய்வகத்தில் கொடுங்கள். காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ நடந்து சில வாரங்களுக்குள் எடுக்கும் அறிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ட்ரைகிளிசரைடு ஒரே மனிதரிடம் நாளுக்கு நாள் கணிசமாக மாறும்; 210 என்பது 190 ஆனதை வெற்றி என்றோ 230 ஆனதைத் தோல்வி என்றோ சொல்ல முடியாது. 300 என்பது 180 ஆனால் உங்கள் உழைப்பின் பயன் என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஏற்கெனவே ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்கள், எண் இறங்கியதைக் கண்டு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. இறங்கியதில் மாத்திரையின் பங்கே பெரிதாக இருக்கலாம். மருந்துக்குப் பதிலாகச் சிவப்பு ஈஸ்ட் அரிசி போன்றவற்றை வாங்கிச் சாப்பிடுவதும் சரியன்று. அதில் உள்ள மோனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின் என்னும் அதே மருந்துப் பொருள். பொட்டலத்துக்குப் பொட்டலம் அளவு மாறும், பக்கவிளைவும் உண்டு. சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் பழத்தை அதிகம் உண்ணக் கூடாது; அது இரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும்.

உணவை முறையாக மாற்றியும் எல்டிஎல் 190-க்கு மேலேயே நிற்கிறதென்றால், குறையை உங்கள் கட்டுப்பாட்டில் தேட வேண்டாம். மரபுவழிக் கொலஸ்ட்ரால் உயர்வு ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பிறவியிலேயே எல்டிஎல் ஏற்பிகள் போதாமல் இருப்பதே பெரும்பாலும் அதன் காரணம் என்பதால் உணவு மட்டும் போதாது, மருந்து தேவை. குடும்பத்தில் 55 வயதுக்கு முன் ஆணுக்கோ 65 வயதுக்கு முன் பெண்ணுக்கோ மாரடைப்பு வந்திருந்தாலும், குதிகாலின் பின்புறத் தசைநாணில் தடிப்போ கண் இமையில் மஞ்சள் படிவோ தெரிந்தாலும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்த நிலை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆகையால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஒருமுறை பரிசோதிக்கச் செய்யுங்கள். சிறு வயதிலேயே கண்டறிந்தால் சிகிச்சையையும் உரிய காலத்தில் தொடங்கிவிடலாம்.